அடுப்படி மருந்து

தமிழர் இல்லத்து அடுப்படியில், கைக்கு எட்டும் இடத்தில், அஞ்சறைப் பெட்டி ஒன்று இருக்கும். பண்டு அது மரத்தால் செய்யப்பட்டது; பின்னர்ப் பித்தளையாயிற்று; இக்காலத்தில் எவர்சில்வராகவும் பிளாஸ்டிக்காகவும் மாறியுள்ளது. பெட்டி மாறினும் அதன் உள்ளே இருப்பவை மாறவில்லை. கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் ஆகியவை அதன் அறைகளில் அடங்கியிருக்கும். பக்கத்திலே ஒரு சிறு டப்பாவில் பெருங்காயம். ஒரு கண்ணாடிப் புட்டியில் ஓமம். ஒரு துணி முடிச்சில் சுக்கு. சமையலுக்கென்று வைக்கப்பட்ட இப்பொருள்களே, வீட்டில் எவருக்கேனும் வயிறு உப்பினாலும், உண்டது செரியாமல் குமட்டினாலும், முதல் மருந்தாக உதவுகின்றன. மருத்துவரைத் தேடிப் போகுமுன் கையருகே உள்ளதைக் கொண்டு செய்துகொள்ளும் இம்மருத்துவத்தைக் கைமருந்து என்றும் கைவைத்தியம் என்றும் மக்கள் வழங்குவர்.

கைமருந்தைப் பற்றி இருவகைப் பேச்சு நாட்டில் நிலவுகிறது. ஒரு சாரார், அது படிப்பறியாத காலத்தின் மூடப் பழக்கம் என்று ஒதுக்குவர். மற்றொரு சாரார், முன்னோர் கண்ட மூலிகைக்கு மிஞ்சிய மருந்து உலகில் இல்லை என்றும், அது தீர்க்காத நோய் இல்லை என்றும் புகழ்வர். முன்னவர் சீரகத்தை ஒருமுறையேனும் கொதிக்க வைத்துக் குடித்துப் பார்த்திருக்கமாட்டார். பின்னவரோ, அந்தச் சீரகத்தைக் கொடுத்த பாட்டி எந்த வேளையில் அதனைக் கொடுக்க மறுத்தாள் என்பதைக் கவனித்திருக்கமாட்டார். கைமருந்து பயனுடையது, அதன் பயனுக்கு ஓர் எல்லையும் உண்டு. அவ்வெல்லையை அறிந்திருந்ததே பழைய தலைமுறையினரின் கைமருந்தில் இருந்த உண்மையான திறமை எனலாம். இன்று மூலிகையின் பெயர்கள் பலர் வாயில் இருக்கின்றன. எல்லையைப் பற்றிய அறிவோ தேய்ந்து வருகிறது.

முதலில் பயனைக் காண்போர்க்கு ஓமம் நல்ல சான்றாகும். ஒரு சிட்டிகை ஓமத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்தால் மூக்கைத் துளைக்கும் மணம் எழும். அம்மணத்திற்குக் காரணம் தைமால் என்னும் பொருள். அஃது ஓமத்தின் எண்ணெயில் மிகுதியாக உள்ளது. நுண்ணுயிர்களை ஒடுக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. சீரகம், சோம்பு, ஏலம் ஆகியவற்றிலும் இவ்வாறே மணமுள்ள எண்ணெய்கள் இருக்கின்றன. இத்தகைய எண்ணெய்கள் இரைப்பை, குடல் இவற்றின் தசை இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. அடைபட்ட காற்று ஏப்பமாகவோ கீழ்க்காற்றாகவோ வெளியேற வழி உண்டாகிறது. சித்த மருத்துவ நூலார் இச்செய்கைக்கு 'அகட்டுவாய்வகற்றி' என்று பெயரிட்டுள்ளனர். அகடு என்பது வயிறு. வயிற்றிலுள்ள வாயுவை அகற்றுவது என்பது அச்சொல்லின் பொருள். பசியைத் தூண்டும் பொருளுக்குப் 'பசித்தீத்தூண்டி' என்று பெயர். பெயரைக் கேட்ட அளவில் செய்கை விளங்குமாறு சொல் அமைத்த அப்புலவர்களின் திறம் போற்றற்குரியது.

ஓம நீர் ஆக்கும் முறை எளிது. ஒரு தேக்கரண்டி ஓமத்தை வெறும் சட்டியில் இலேசாக வறுத்து, ஒரு குவளை நீர் விட்டுக் கொதிக்க வைத்து, நீர் பாதியாகச் சுண்டியதும் வடிகட்டி, இளஞ்சூட்டில் அருந்துவர். சீரக நீருக்கு அத்துணை உழைப்பும் வேண்டா. குடிநீரோடு ஒரு கரண்டிச் சீரகத்தைச் சேர்த்துக் கொதிக்க விட்டால் போதும். இதில் மற்றொரு நன்மையும் மறைந்திருக்கிறது. நீர் கொதிப்பதால் அதிலுள்ள நோய்க் கிருமிகள் மடிகின்றன. சீரகத்தின் பெயரால் கொதித்த நீரைக் குடிக்கும் வழக்கம் வீட்டில் நிலைபெறுவதும் ஒரு மருத்துவமே ஆகும்.

இஞ்சியும் அது காய்ந்து உண்டாகும் சுக்கும் குமட்டலை அடக்குவதில் வல்லவை. கருவுற்ற மகளிர்க்குக் காலையில் தோன்றும் குமட்டலை இஞ்சி தணிக்கிறது என்பதை இக்கால மருத்துவ ஆராய்ச்சிகளும் ஒப்புக்கொண்டுள்ளன. ஆயினும் சுக்கை அப்படியே இடித்துப் போடுவது பழைய முறை அன்று. அதன் மேல்தோலைச் சீவி எறிந்த பின்னரே இடிப்பர். கடுக்காயைப் பயன்படுத்துங்கால் உள்ளிருக்கும் கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் கொள்வர். ஒரு பொருளின் எப்பகுதி மருந்து, எப்பகுதி ஆகாதது என்று பிரித்துப் பார்த்த கண் அது. இன்று அரைவை இயந்திரத்தில் முழுச் சுக்கையும் கொட்டிப் பொடியாக்கி, 'பழந்தமிழர் மருந்து' என்று பொட்டலத்தின் மேல் அச்சிட்டுவிடுகின்றனர்.

பெருங்காயத்தின் கதை சுவையானது. தமிழகத்துச் சாம்பாரும் இரசமும் அஃதின்றி மணப்பதில்லை. ஆயினும் அது தமிழகத்திலோ இந்தியாவின் பிற பகுதிகளிலோ விளைந்த பொருள் அன்று. ஆப்கானிசுதானம், ஈரான் முதலிய நாடுகளின் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் ஒருவகைச் செடியின் வேரைக் கீறி, அதனின்று வடியும் பாலைக் காய வைத்து எடுப்பதே பெருங்காயம். நூற்றாண்டுகளாக வணிகர் அதனைக் கொண்டுவந்து விற்றனர். இச்செடியை இந்திய மண்ணில் பயிரிடும் முயற்சி 2020-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தொடங்கியது. இமாசலப் பிரதேசத்தில் பாலம்பூரிலுள்ள ஆராய்ச்சி நிறுவனத்தார், லாகூல் பள்ளத்தாக்கின் குளிர்ந்த நிலத்தில் அதன் முதற்கன்றை நட்டனர். அச்செடி வளர்ந்து பால் தருவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். கடைகளில் கட்டியாகவும் தூளாகவும் கிடைப்பது கலப்புப் பெருங்காயம். உண்மைப் பெருங்காயத்தோடு மாவும் பிசினும் சேர்த்துச் செய்யப்படுவது. தனிப் பெருங்காயத்தின் காரத்தை நாக்கு தாங்காது. அதனை நெய்யிலே பொரித்து, மோரில் கரைத்து, உப்பிட்டு அருந்துவது வயிற்று உப்பிசத்திற்கு வழக்கமான மருந்து. 'நம் மண்ணின் மருந்து' என்று பெருமை பேசுவோர், ஆப்கானிய மலையில் விளைந்த ஒரு பொருளைத் தமிழ்ப் பாட்டிமார் தயக்கமின்றித் தமதாக்கிக்கொண்டதையும் எண்ணிப் பார்க்கலாம். பயன்படுவது எங்கிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் மனம் அவர்களிடம் இருந்தது.

இதற்கு மறுதலையாக, தமிழ் மண்ணிலிருந்து உலகெங்கும் சென்ற வயிற்று மருந்தும் ஒன்று உண்டு. அதுவே நிலாவாரை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளின் வறண்ட நிலங்களில் இது பயிராகிறது. உலகச் சந்தையில் இதற்குத் 'திருநெல்வேலிச் சென்னா' என்றே பெயர். மலச்சிக்கலைப் போக்கும் இவ்விலையின் சத்து, உலக நல நிறுவனம் வெளியிடும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலும் இடம் பெற்றுள்ளது. இதனை உண்டவுடன் பயன் தெரியாது. பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்ட பின்னரே இது வேலை செய்யத் தொடங்கும். அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இரவில் உண்டு காலையில் பயன் காணும் வழக்கத்திற்குக் காரணம் இதுவே.

இனி, மருந்து என்ற பெயரின்றி உணவோடு உணவாக வந்த பொருள்கள் பல. வேப்பம்பூ இரசம், சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், பிரண்டைத் துவையல், கறிவேப்பிலைப் பொடி ஆகியவை அத்தகையன. பிரண்டையை நறுக்குபவர் முதலில் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வர். இன்றேல் அரிப்பு எடுக்கும். அதனை எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால் நாக்கில் அரிப்புத் தோன்றாது. தீபாவளியன்று எண்ணெய்ப் பலகாரங்கள் இலையில் விழுமுன்னரே, வெல்லப் பாகும் நெய்யும் நறுமருந்துகளும் சேர்ந்த இலேகியம் ஓர் உருண்டை கையில் வைக்கப்படும். வரப்போகும் தொல்லையை முன்னறிந்து செய்த ஏற்பாடு அது. ஓர் உருண்டைக்கு மேல் கேட்கும் பிள்ளைக்குக் கிடைப்பது அதட்டலே.

பாட்டியின் மருத்துவத்தில் பாதி, உண்ணாமையே ஆகும். விருந்துண்டு வயிறு கனத்த அன்று இரவு இலை போடமாட்டாள். ஓம நீரோ சுக்குக் கஷாயமோ கொடுத்து உறங்கச் சொல்லிவிடுவாள். மறுநாள் காலையில் இரசஞ் சோறும் மோரும் தவிர வேறொன்றும் கிடைக்காது. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தைப் புரட்டுவோர் இதன் அடிப்படையைக் காணலாம். அவ்வதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களுள் ஆறு, முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதைப் பற்றியன. பத்திலும் ஒரு மூலிகையின் பெயரேனும் இல்லை. இன்றோ வழக்கம் தலைகீழாயிற்று. இரவு வெகுநேரம் கழித்து வயிறு நிறைய உண்டுவிட்டு, அதனைச் செரிக்கச் செய்வதற்காகச் செரிமானப் பொடியை விழுங்குகின்றனர். மறுநாளும் அவ்வாறே உண்பதற்கு அப்பொடி துணை நிற்கிறது. பட்டினியை நீக்கிவிட்டுக் கஷாயத்தை மட்டும் எடுத்துக்கொண்ட இம்மருத்துவத்தைப் பாட்டி கண்டால் தன்னுடையதென்று ஒப்புக்கொள்ளமாட்டாள்.

அவள் மருந்து கொடுக்கும் முறையும் நினைவிற் கொள்ளத்தக்கது. "வயிறு வலிக்கிறது பாட்டி" என்று பேரன் வந்து நின்றால், உடனே அஞ்சறைப் பெட்டியைத் திறந்துவிடமாட்டாள்.

"எங்கே வலிக்கிறது? ஒரு விரலால் தொட்டுக் காட்டு, கண்ணே" என்பாள்.

"எங்கும் வலிக்கிறது பாட்டி."

"காலையில் வெளிக்குப் போனாயா? பள்ளிக்கூடத்து வாயிலில் என்ன வாங்கித் தின்றாய்?"

"மாங்காய்."

"எத்தனை?"

பேரன் விடை கூறாமல் தரையைப் பார்ப்பான். அவள் அவன் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் உண்டா என்று பார்ப்பாள். நாக்கை நீட்டச் சொல்லுவாள். வயிற்றை மெல்ல அழுத்திப் பார்ப்பாள். இத்தனைக்கும் பிறகே அவள் கை ஓமப் புட்டியை நாடும். அதே பேரன் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி அடிவயிற்றின் வலப்பக்கத்திற்கு நகர்ந்துவிட்டது என்றும், நிமிர்ந்து நடக்க இயலவில்லை என்றும் கூறி, உடலும் சுட்டால், அறிந்த பாட்டி எதையும் உள்ளே கொடுக்கமாட்டாள். மகனை அழைத்து வண்டி கட்டச் சொல்லுவாள். குடல்வால் அழற்சியின் அடையாளங்கள் இவை. அந்நிலையில் 'வயிற்றைக் கழுவினால் சரியாகும்' என்று விளக்கெண்ணெய் கொடுப்பது பேரிடர் விளைக்கும். வீங்கிய குடல்வால் வெடித்து, சீழ் வயிறெங்கும் பரவ அது காரணமாகலாம். விளக்கெண்ணெய் தீய பொருளன்று. கொடுக்கும் வேளை தவறினால் உயிருக்கே தீங்காகும்.

எல்லாப் பாட்டிமாரும் இத்துணைத் தெளிவுடையவராய் இருந்தனர் என்று கூறுவது உண்மையாகாது. பழைய கைமருந்தில் பெரும்பிழைகளும் இருந்தன. அவற்றுள் மிகக் கொடியது குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றியது. வயிற்றால் போகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அஞ்சி, நீரையும் பாலையும் நிறுத்திவிடும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. மாதுளந்தோலை மோரில் அரைத்துக் கொடுப்பர். அதன் துவர்ப்பு குடலைச் சற்றுச் சுருக்கலாம். வெந்தயத்தின் கொழகொழப்பும் சிறிது இதம் தரலாம். ஆனால் வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது போக்கு அன்று. போக்கோடு வெளியேறும் நீரும் உப்புமே அதன் உயிரைக் கொண்டுசெல்கின்றன. அவற்றை ஈடு செய்யாத எம்மருந்தும், மூலிகையாயினும் மாத்திரையாயினும், அக்குழந்தையைக் காக்காது.

இவ்வுண்மை உலகிற்கு ஐயமற விளங்கியது 1971-ஆம் ஆண்டில். வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்திற்குள் வந்தனர். பாங்காவ் என்னும் எல்லைப்புற ஊரின் முகாமில் காலரா பரவியது. நரம்பின் வழியே செலுத்தும் உப்புநீர் தீர்ந்துவிட்டது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிஸ், சமையல் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு ஆகிய மூன்றையும் அளந்து பொட்டலமாகக் கட்டச் செய்து, நீரில் கரைத்து, வாய் வழியே குடிக்கக் கொடுத்தார். மருத்துவர்களும் செவிலியர்களும் போதாமையால், நோயாளிகளின் தாய்மாரும் உடன்பிறந்தோருமே குவளையில் மொண்டு புகட்டினர். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்ட முகாமில், இம்முறையால் இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாயிற்று. இதன் நுட்பம் எளியது. குடற்சுவர் சர்க்கரையை உறிஞ்சும்போது உப்பையும் உடன் இழுத்துக்கொள்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. காலராவால் தாக்குண்ட குடலிலும் இவ்வாயில் அடைபடுவதில்லை. இவ்வரும்பணிக்காக மகலனாபிஸ் மறைந்த பின்னர், 2023-ஆம் ஆண்டில், பத்ம விபூஷண் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது.

உப்பும் சர்க்கரையும் நீரும் அடுப்படியில் இல்லாத பொருள்களா? கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர். அதில் தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு. உப்பு அரைத் தேக்கரண்டி. பொட்டலம் கிடைக்காத இடத்தில் இது போதும். இவ்வளவில் உப்பு கூடினால் குழந்தைக்குத் தீங்கு. ஆகவே கண்மதிப்பாக அள்ளிப் போடலாகாது. கரைத்த நீரை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தி, எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. வியப்பு யாதெனில், தமிழ்நாட்டின் சில வீடுகளில் வயிற்றுப்போக்குக்கு அரிசிக் கஞ்சியில் உப்பிட்டுக் கொடுக்கும் நல்வழக்கமும் பழங்காலந்தொட்டு இருந்து வந்திருக்கிறது. கஞ்சியின் மாச்சத்து குடலில் சர்க்கரையாக மாறி, மேற்கூறிய வேலையையே செய்கிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டார் கஞ்சி ஊற்றிப் பிள்ளையைக் காத்தனர். அடுத்த வீட்டார் நீரை நிறுத்திப் பிள்ளையை இழந்தனர். இரண்டும் முன்னோர் வழக்கமே. முன்னோர் செய்தனர் என்பது மட்டும் ஒன்றை நன்று எனக் கொள்வதற்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கண்கள் குழி விழுதல், நா உலர்தல், அழும்போது கண்ணீர் வாராமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, குழந்தை சோர்ந்து துவளுதல், மலத்தில் குருதி தோன்றுதல் ஆகியவற்றுள் ஒன்று தெரியினும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உப்புக் கரைசலை வழியிலும் புகட்டிக்கொண்டே செல்லலாம்.

கைக்குழந்தைகளுக்கு வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவுவது மற்றொரு வழக்கம். 'பிள்ளை வளர்ப்பான்' என்றே அதற்குப் பெயரிட்டனர். அப்பெயரின் அன்பில் மயங்காமல் பொருளை நோக்க வேண்டும். வசம்பின் எண்ணெயில் தீங்கு தரும் கூறு இருப்பது கண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1968-ஆம் ஆண்டு முதல் அதனை உணவிற் சேர்ப்பது தடை செய்யப்பட்டுள்ளது. ஆறு திங்கள் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். ஓம நீரும் வேண்டா, வெறும் நீரும் வேண்டா என்பது இன்றைய குழந்தை மருத்துவரின் துணிபு. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. தேனில் சிற்சில வேளை இருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்து, முதிராத குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கமுள்ள தாய்மார் இதனை அறிந்திருத்தல் நலம்.

வளர்ந்தவர்க்கும் கைமருந்து ஏமாற்றம் தரும் இடங்கள் உண்டு. வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆசுதிரேலியாவில் பெர்த் நகரத்து மருத்துவர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும், வளைந்த வடிவுடைய ஒரு நுண்ணுயிரே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்று கண்டனர். 1982-ஆம் ஆண்டில் அதனைத் தனியே வளர்த்துக் காட்டினர். பிறர் நம்ப மறுக்கவே, மார்ஷல் 1984-ஆம் ஆண்டில் அந்நுண்ணுயிரைத் தாமே குடித்து நோயுற்றார். இருவர்க்கும் 2005-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மணத்தக்காளிக் கீரையும் மோரும் புண்ணின் எரிச்சலைத் தணிக்கலாம். அந்நுண்ணுயிரை வேரறுப்பன ஏறத்தாழ இரண்டு வாரம் உண்ணும் மருந்துகளே. வலி தணிந்தது என்று கருதி ஆண்டுக்கணக்கில் கீரையோடு நிற்பவர், புண் ஆழமாவதை அறியார்.

இவற்றினும் அஞ்சத்தக்கது, 'வாயுப் பிடிப்பு' என்னும் சொல். நடுவயதைக் கடந்த ஒருவர், மேல்வயிறு அடைக்கிறது, நெஞ்சு இறுகுகிறது, வியர்க்கிறது என்று கூறுங்கால், 'வாயுதான்' என்று சொல்லிப் பெருங்காய மோரையோ சோடாவையோ கையில் கொடுப்பது ஊர்தோறும் நிகழ்வது. நெஞ்சில் எழும் எல்லா அடைப்பும் வாயு ஆகாது. நெஞ்சப்பையின் அடிப்பகுதிக்குக் குருதி செல்வது தடைப்படும்போது, அவ்வலி மேல்வயிற்றிலேயே தோன்றுவதுண்டு. நீரிழிவுடையார்க்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் சோர்வும் மட்டும் தோன்றக்கூடும். மோர் குடித்து ஏப்பம் வருமா என்று காத்திருக்கும் அரை மணி நேரத்தில் நெஞ்சின் தசை சிறிது சிறிதாக இறந்துகொண்டிருக்கும். இத்தகைய வேளையில் அஞ்சறைப் பெட்டியைத் திறத்தலே பிழை. 108 என்னும் எண்ணை அழைத்தலே முறை.

மூலிகை இயற்கையானது, ஆதலின் தீங்கற்றது என்னும் கூற்றும் ஆராயத்தக்கது. அதிமதுரம் தொண்டைக்கும் வயிற்றுக்கும் இதமளிப்பது. நாள்தோறும் பல வாரம் உண்டால் அதுவே இரத்த அழுத்தத்தை உயர்த்தும். நிலாவாரையை நாள்தோறும் நாடுபவரின் குடல், அஃதின்றி இயங்க மறுக்கும் நிலையை எய்தலாம். குருதி உறையாதிருக்க மருந்துண்பவர் இஞ்சிச் சாற்றை மிகுதியாகப் பருகுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நன்று. நெஞ்செரிச்சல் உடையார் சிலர்க்குச் சுக்கும் மிளகும் எரிச்சலைக் கூட்டும். ஒரு பொருளுக்கு உடலில் மாற்றம் செய்யும் ஆற்றல் உண்டு என்று ஒப்புக்கொள்பவர், அம்மாற்றம் தீயதாகவும் அமையலாம் என்பதையும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். இவ்வுண்மையைச் சித்த மருத்துவ நூலார் நன்கறிவர். ஆகவேதான் அவர்கள் மருந்துதோறும் அளவும், உண்ணும் நாள்களும், உடன் உண்ணத்தகாத பொருள்களும் வகுத்தனர். பாளையங்கோட்டையில் 1964-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி போன்றவற்றில் மாணவர் பல ஆண்டுகள் கற்றுத் தேர்வெழுதி வெளிவருவதும் இதன் பொருட்டே. அத்துணைக் கல்வியும் வேண்டாத எளிய பகுதியே கைமருந்து. எளிய பகுதியாக இருப்பதாலேயே அது எளிய தொல்லைகளுக்கு மட்டும் உரியது.

பாட்டியும் பேரனும் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்த காலத்தில் இவ்வறிவு கண்டும் கேட்டும் கைமாறியது. இன்று மகன் ஓர் ஊரிலும் தாய் ஓர் ஊரிலும் வாழ்கின்றனர். ஓமத்தின் படத்தையும் அதன் நூறு நன்மைகளையும் தொலைபேசித் திரையில் எவரும் காணலாம், 'எங்கே வலிக்கிறது? தொட்டுக் காட்டு' என்று அத்திரை கேட்பதில்லை. ஆகவே, ஒவ்வொரு குடும்பத்திலும் முதியோரிடம் கேட்டு, எதற்கு எம்மருந்து, எவ்வளவு, எத்தனை வேளை என்பதோடு, எந்த அடையாளம் தோன்றினால் அதனை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்வது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுதல் வேண்டும். எழுதியதை அருகிலுள்ள மருத்துவரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளலாம். இரண்டு வேளை கொடுத்தும் தணியாத வலிக்கு மூன்றாம் வேளை கஷாயம் கொடுப்பதில்லை என்பது அத்தாளில் எழுதத்தக்க முதல் வரி.

அத்தாளோடு, உப்புச் சர்க்கரைக் கரைசலுக்குரிய பொட்டலங்கள் இரண்டையும் அஞ்சறைப் பெட்டியின் அருகில் வைத்திருத்தல் நல்லது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவை விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரு லிட்டர் நீரில் கரைப்பதற்குரிய பொட்டலமும், 200 மில்லி லிட்டரில் கரைப்பதற்குரிய சிறு பொட்டலமும் உள்ளமையால், மேலே அச்சிட்டிருக்கும் அளவைப் படித்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பாத்திரங்களுள் ஒரு லிட்டர் கொள்வது எது என்று முன்னரே நீர் ஊற்றி அளந்து, அதன் விளிம்பருகே ஒரு கோடு கீறி வைத்துவிட்டால், நள்ளிரவில் குழந்தை துவண்டு கிடக்கும்போது தேட வேண்டியதில்லை.